மூச்சு விடாதீங்க

என் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு, வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எங்களுக்கு அவள் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். ஸ்கேன் எடுக்கும் படிப்பில் சேரப் போனபோது இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. தினமும் காலையில் போய் அந்த அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். குமாஸ்தா தலையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு வணக்கம் வைத்தாள். சேர்ந்திருந்த ஒருவர் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் படிப்பை விட்டுவிட்டுப் போன அன்று குமாஸ்தாவே இவளைக் கூப்பிட்டார். "உனக்குத் திருப்பி வணக்கம் வச்சு வச்சு என் கை வலிக்குது. வந்து சேந்து தொலைம்மா" என்றாராம்.

நான் எட்டாவதோடு நின்றவள். தையல்தான் தொழில். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் அவள். அந்தக் கோட்டுக்குத் தோளில் அரை அங்குலம் பிடித்துக் கொடுத்தது நான்.

இப்போது பெரிய ஸ்கேன் சென்டர் ஒன்றில் எம்.ஆர்.ஐ. அறை அவள் பொறுப்பு. ஒன்றாக இருந்ததைக் கண்ணாடி வைத்துத் தடுத்தது போல இரண்டு அறைகள். ஒன்றில் மெஷின். ஆள் படுக்கிற பலகை ஒரு குழாய்க்குள் மெல்லப் போகும், மெல்ல வெளியே வரும். மற்றதில் இவள், இவளுடைய திரைகள், ஒரு மைக். அந்த மெஷின் முழுக்கக் காந்தம். அதனால் நோயாளிகள் போட்டுக்கொள்ளும் அங்கியில் ஹூக், ஜிப், பித்தான் எதுவும் இருக்கக் கூடாது, நாடா மட்டும்தான். அந்த அங்கிகளைத் தைப்பது நான். கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒவ்வொன்றையும் விரித்து, கையடக்கக் காந்தம் ஒன்றால் தடவிப் பார்த்த பிறகுதான் அலமாரியில் வைப்பாள்.

"நான் தைச்சதுடி" என்றேன் ஒரு தடவை.

"அது காந்தத்துக்குத் தெரியாதேக்கா" என்றாள்.

கொஞ்ச காலமாக அந்த சென்டர் வாசலில் புதிதாக ஒரு பலகை. நோய் வருவதற்கு முன்பே முழு உடம்பையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று, சிரிக்கிற குடும்பத்தின் படத்தோடு. ஒன்றுமே இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். என் தங்கையோ எல்லாரையும் வாருங்கள் என்று கூப்பிடுகிறவள் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டம்மா, தன் சிநேகிதி எடுத்துக்கொண்டாள் என்பதற்காகத் தானும் எடுக்க வேண்டும் என்று நின்றார். "மொதல்ல போய் பிரஷர் பாருங்க, சுகர் பாருங்க. அதெல்லாம் பாக்காம இதுல வந்து படுத்து என்ன செய்யப் போறீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அங்கே படம் பார்த்துச் சொல்கிற டாக்டரம்மாவுக்கும் இதே எண்ணம்தான். தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும், கிடைக்கிறதெல்லாம் நோய் இல்லை, அதை நினைத்துத் தூக்கம் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்பார்.

ஆனால் ஒரே ஒருவரை மட்டும் எப்படியாவது அந்தப் பலகையில் படுக்கவைத்தே தீர்வது என்று என் தங்கை முடிவு கட்டியிருந்தாள். அவர் அவளுடைய கணவர்.

மாப்பிள்ளை லேத் பட்டறைக்காரர். இரும்பைக் கடைந்து இரும்பாகவே பேசுகிறவர் என்று நாங்கள் கேலி செய்வோம். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. அவருடைய அம்மா கிட்னியில் கட்டி வந்து இறந்துபோனவர். பிறகு அவருடைய அண்ணன். சிறுநீரில் ரத்தம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, தெரிந்தபோது கட்டி நுரையீரல் வரை போயிருந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே இடத்தில் வந்திருக்கிறது என்றால் மிச்சமிருக்கிற பிள்ளையைப் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊழியர் குடும்பத்தில் ஒருவருக்கு முழு உடம்பு ஸ்கேன் இலவசம். இதற்கு மேல் உடும்புக்கு என்ன வேண்டும்?

"நல்லா ஓடுற மெஷினை யாராவது கழட்டிப் பாப்பாங்களா?" என்பார் மாப்பிள்ளை.

"உங்க பட்டறையில ஓடுற மெஷினுக்கு எண்ணெய் விடுறீங்கல்ல?"

"அது எண்ணெய். நீ என்னையே உள்ள விடுறேங்கிறே."

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. மறுநாள் சாப்பாடு வைக்கும்போது, "எப்ப வரீங்க?" அதற்கு மறுநாளும் அதே கேள்வி, அதே குரல். கோபம் இல்லை, அழுகை இல்லை. சோறு வைப்பது போல அந்தக் கேள்வியையும் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். கடைசியில் மனிதர், "சரி, சோத்தையாவது நிம்மதியாத் திங்கலாம்" என்று ஒத்துக்கொண்டார்.

போன அன்றே திருப்பி அனுப்பினாள். லேத் வேலை செய்கிறவர்களின் கண்ணில் அவர்களுக்கே தெரியாமல் இரும்புத் துகள் இருக்கலாமாம், அந்தக் காந்தத்துக்குள் போனால் அது நகர்ந்து பார்வையைக் கெடுத்துவிடுமாம். கண்ணுக்குத் தனியாக எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் உள்ளே விடுவேன் என்றாள். "கெஞ்சிக் கூப்பிட்டதும் இவதான், வாசல்ல நிறுத்துறதும் இவதான்" என்று என்னிடம் வந்து புலம்பினார். ஆனால் எக்ஸ்ரேக்கும் போனார்.

ஸ்கேன் எடுத்த நாளில் நான் புது அங்கிகளைக் கொடுக்கப் போயிருந்தேன், அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் இருந்தேன். அவருக்குக் காதில் பஞ்சு வைத்து, மேலே ஹெட்போன் மாட்டி, பயமாக இருந்தால் அழுத்தக் கையில் ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்து அனுப்பினாள். வயிற்றுப் பகுதியை எடுக்கும்போது கொஞ்ச நேரம் மூச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் படம் கலங்கிவிடும். அதை மெஷினிலேயே பதிந்து வைத்த ஒரு பெண் குரல் சொல்லும். 'மூச்சை உள்ளே இழுக்கவும். நிறுத்தவும். சுவாசிக்கவும்.' செய்தி வாசிப்பது போல அவ்வளவு சுத்தமான தமிழ். மாப்பிள்ளை எல்லாம் சரியாகத்தான் செய்தார். கிட்னி வரும் இடத்தில் மட்டும் இருமல் வந்துவிட்டது.

அடுத்த ஆள் உடை மாற்றிக்கொண்டு வெளியே காத்திருந்தார். அந்தக் குரலை மறுபடி ஓடவிட நேரமில்லை என்று தங்கையே மைக்கைப் பிடித்தாள். புருஷன் அல்லவா, வீட்டுப் பேச்சே வந்துவிட்டது.

"கிட்னிய இன்னொரு தடவை பாக்கணும். மூச்சு விடாதீங்க."

மெஷின் தடதடவென்று அடித்து ஓய்ந்தது. திரையில் வந்த படமும் கலங்கல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னொரு நாள் கூட்டிட்டு வரேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவரை வெளியே இழுத்தாள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை ஆள் மாறிவிட்டார். பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். எதற்கும் கேலி இல்லை. கிட்னியை மட்டும் திரும்ப எடுக்க வேண்டும், வாருங்கள் என்று தங்கை கூப்பிட்டால், "எடுத்து என்ன ஆகப் போவுது, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் தட்டோடு கேள்வியை வைத்துப் பார்த்தாள். சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். "இந்தத் தடவை என்னமோ கல்லு மாதிரி நிக்கிறாருக்கா" என்றாள் என்னிடம். அவள் குரல் அப்படித் தளர்ந்து நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. உள்ளே அவருடைய நல்ல சட்டைகள், போன மாதம் நான் தைத்துக் கொடுத்த வெளிர்நீலச் சட்டையும் சேர்த்து.

"இதையெல்லாம் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கா. நம்ம பட்டறைப் பங்காளிக்கு ஆகும். அவன் ஒல்லி."

"நீலம் பிரிச்சே போடலியே மாப்பிள்ளை."

"அதான் சொல்றேன். புதுசா இருக்கையிலேயே யாராவது போடட்டும்."

நான் அளவு நாடாவைக் கீழே வைத்தேன். போடாத சட்டையை வெட்டிச் சின்னதாக்குகிற வேலையை நான் காரணம் கேட்காமல் செய்வதில்லை.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா பையை எடுத்துட்டுக் கிளம்புங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையில் கிடந்த ஒரு துணித் துண்டை எடுத்து மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் சொன்னேன்னு அவகிட்ட காட்டிக்காதீங்க. எனக்கும் வந்துடுச்சுக்கா. அண்ணனுக்கு வந்ததேதான்."

"யாரு சொன்னா?"

"உங்க தங்கச்சியேதான். உள்ள படுத்திருக்கேன், காதுல அவ குரல் வருது. கிட்னிய இன்னொரு தடவை பாக்கணும், மூச்சு விடாதீங்கன்னு. வேலை செய்யிற எடத்துல வெளிய தெரிஞ்சா அவளுக்குப் பிரச்சினை போலிருக்குன்னு நெனச்சேன். அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. உங்ககிட்டதான் மொதல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா, அவரைக் கத்தரிக்கோலால் அடிப்பதா என்று தெரியவில்லை.

"அவ அப்படிச் சொன்னதும் நீங்க உள்ள என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? அழுகை வந்துச்சு. நல்லா இழுத்து இழுத்து மூச்சு விட்டுட்டுப் படுத்திருந்தேன்."

கடையைப் பூட்டிக்கொண்டு நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அவள் பின்பக்கப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல டப்பாவின் மூடியை மூடினாள், திறந்தாள், மூடினாள். கடைசியில் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

"மூச்சைப் பிடிக்கச் சொன்னேன்க்கா. அந்த மனுஷன் ஒரு வாரமா வாயைப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னைக்கு சாயங்காலம் அவரை இங்க கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டா வரமாட்டாரு. சட்டையைத் திருப்பித் தரேன்னு சொல்லிக் கூட்டிட்டு வா."

கூட்டிப்போனேன். மாப்பிள்ளை லேசில் நம்பவில்லை. "அக்காளும் தங்கச்சியும் சேந்து சமாளிக்கிறீங்க" என்றார். தங்கை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். திரையில் ஒரு படத்தைப் போட்டாள்.

"இது நீங்க. இதுல கிட்னி எங்க இருக்கு?"

அவர் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி வந்து பார்த்தார். "எருமை மாடு மழையில நனையுற மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. இதை வச்சு வந்துடுச்சுன்னும் சொல்ல முடியாது, வரலேன்னும் சொல்ல முடியாது." பக்கத்தில் இன்னொரு படத்தைப் போட்டாள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு அவரை விதைகள் போல, ஓரம் பிசிறில்லாமல் தெளிவாக இருந்தன. "இது நான். மெஷின் புதுசா வந்தப்ப சோதிச்சுப் பாக்க என்னையேதான் படுக்க வச்சாங்க. உங்களுக்கும் இப்படி ஒரு படம் வேணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

அவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ஒரு வாரமா நான் சாவுக்கு ரெடியானதெல்லாம் வீண்தானா?"

"சட்டை மட்டும் மிச்சம்" என்றேன் நான்.

மூச்சை நிறுத்தும் பயிற்சி என் கடையில் நடந்தது. வயிற்றைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்துக்கொள்வேன். நாடா விரலில் வழுக்கினால் மூச்சு போகிறது என்று அர்த்தம். முதல் நாள் சரசரவென்று ஓடியது. "திருடுறீங்க மாப்பிள்ளை" என்பேன். "வயிறு தானா சிரிக்குதுக்கா" என்பார். தங்கை வேலை முடிந்து வந்து தானும் ஒரு கை பார்ப்பாள். எப்படிச் சொன்னால் எந்த ஆளுக்கும் தவறாமல் புரியும் என்று வார்த்தைகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் 'இழுங்க, நிறுத்துங்க, போதும், விடுங்க' என்று முடிவானது. பட்டறையில் லேத் ஓடும் சத்தத்திலும் அவர் அதைச் செய்து பழகினார். அந்த வாரக் கடைசியில் நாடா என் விரலில் அப்படியே நின்றது.

இரண்டாம் தடவை நானும் போனேன். தங்கை மைக்கில் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மரக்கட்டை போலக் கிடந்தார். படங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எனக்குக்கூட அவரை விதை தெரிந்தது. அவள் ஒரு படத்தில் நின்றாள். அதை நகர்த்தினாள், திரும்ப அதற்கே வந்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அவள் கழுத்து மட்டும் கொஞ்சம் விறைத்தது. மைக்கை அழுத்தி, எப்போதும் போன்ற குரலில், "முடிஞ்சுது. மெதுவா எறங்குங்க" என்றாள்.

அங்கே படம் எடுக்கிறவர்கள் முடிவைச் சொல்லக் கூடாது. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். புருஷன் என்றாலும் அதுதான் சட்டம் அவளுக்கு. அவர் உடை மாற்றி வந்து, "என்ன, இப்பவாவது எருமை தெரியுதா?" என்று கேட்டார். "டாக்டர் பாக்கட்டும். வாங்க, உக்காருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை நேரத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். இடது கிட்னியில் ஒரு சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கட்டி. "வேற எங்கயும் எதுவும் தெரியல. இது எந்த மாதிரின்னு இன்னும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். பல பேருக்குச் சின்னக் கட்டியைச் சும்மா கவனிச்சுக்கிட்டு வந்தாலே போதும். உங்க குடும்பத்துல வந்த விதத்தைப் பாத்தா உங்களை அப்படி விட எனக்கு மனசில்ல. அதை மட்டும் எடுத்துட்டு, கிட்னியை வச்சுக்கிடலாம்."

"எங்க அண்ணனுக்கு வச்சுக்க முடியலியே டாக்டர்" என்றார் மாப்பிள்ளை.

"அவரு வரும்போது இது எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் தலையாட்டினார். "சரி, எடுத்துடுங்க" என்றார். தங்கை அவரைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவைத்தான் பார்த்தாள். "எந்த சர்ஜன், எந்த வாரம்?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் அது கெட்ட கட்டிதான். முழுக்க வந்துவிட்டது, ஓரம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வருஷா வருஷம் வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மாப்பிள்ளை நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

நாங்கள் எல்லாரும் அத்தோடு முடிந்தது என்று இருந்தோம். தங்கைக்கு முடியவில்லை. இறந்துபோன அண்ணனுக்கு இரண்டு பெண்கள். இது பரம்பரையாக வருகிறதா என்று முதலில் ரத்தத்தில் பார்க்கலாம், இருந்தால் மட்டும் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர்களுடைய அம்மா, மாப்பிள்ளைக்கு அண்ணி, அந்தப் பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்துகிறவர். தங்கை ஏற்கெனவே போய் இரண்டு முறை திரும்பி வந்திருந்தாள்.

"இன்னைக்கு நானும் வரேன்" என்றார் மாப்பிள்ளை. தையல் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படியேற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அண்ணி வீடு மூன்றாவது மாடி.

அண்ணி கதவைத் திறந்து தங்கையைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்றார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் வழிவிட்டார்.

"ஒண்ணுமில்லாத புள்ளைங்க. அதுங்க மனசுல பயத்தை ஏத்திவிடச் சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார், அவர் உட்காரும் முன்பே.

"எனக்கும் ஒண்ணுமில்லாமத்தான் இருந்துச்சு அண்ணி." சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வயிற்றில் நான்கைந்து சின்னத் தழும்புகள். "காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. இவ மட்டும் விட்டிருந்தா நான் பாட்டுக்குப் பட்டறைக்குப் போயிட்டு வந்துட்டுத்தான் இருப்பேன், அண்ணன் மாதிரி."

அண்ணி தழும்புகளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரு கடைசியில பட்ட பாட்டை நீங்க பாத்தீங்கல்ல. அது எம் பொண்ணுங்களுக்கும் இருக்குன்னு யாராவது சொன்னா நான் தாங்கமாட்டேன்."

"இருந்துச்சுன்னா நீங்க கேக்காம இருக்கிறதால போயிடாது அண்ணி" என்றாள் தங்கை. அவள் குரல் உயரவில்லை. "இப்பத் தெரிஞ்சா பாத்துக்கலாம். பாத்துக்கறது என் வேலை. நான் எங்கயும் போகப் போறதில்ல. இன்னைக்கு வேணாம்னா அடுத்த வாரம் வரேன். அதுக்கும் வேணாம்னா அதுக்கு அடுத்த வாரம்."

"வருவா அண்ணி" என்றார் மாப்பிள்ளை. "எனக்குத் தெரியும். சோறு எறங்காது."

அண்ணி சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரத்தம் மட்டும்தானே?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு ரத்தம் மட்டும்தான். லேப் சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும்."

உள் அறைக் கதவு திறந்தது. பெரிய பெண் வெளியே வந்தாள். காலில் செருப்பு, தோளில் பை. பின்னாலேயே சின்னவள், தலையை வாரிக்கொண்டே.

"சித்தி, நாங்க ரெடி" என்றாள் பெரியவள். "அம்மா மனசு மாறுறதுக்குள்ள கிளம்பலாம்."